பந்துத் துரையின் பெட்டி

போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் ஓர் அன்னாசிப் பழம் என்னை நோக்கிப் பறந்து வந்தது. லாரியில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நின்று கைக்குக் கை வீசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு, நடுவில் தொப்பையோடு நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த என் மேல் என்ன கோபமோ, "மொதலாளி, புடிங்க!" என்று வீசிவிட்டார். சாதாரண மனிதன் பிடித்திருப்பான், இல்லாவிட்டால் குனிந்திருப்பான். நான் பழத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மேட்டுப் பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டேன். மிளகு மூட்டை தடுக்கித்தான் நின்றேன்.

சந்தையே சிரித்தது. "ஏனுங் மொதலாளி, பழத்தத் தூக்கிக்கிட்டு எங்கீங்க ஓடறீங்க? அது உங்குளுதுதானுங்களே!"

அவர்களிடம் என்ன சொல்வது? வேட்டியைச் சரி செய்துகொண்டு, பழத்தின் கனம் பார்த்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் ஒரு காலத்தில், ஒரே ஒரு மத்தியானத்துக்கு, அமெரிக்கப் பந்தாட்டக் கோஷ்டி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளனாக இருந்தவன். சிரிக்காதீர்கள். விசில்கூட என்னிடம் இருந்தது.

அன்னாசியை அணைத்தபோது மூக்கில் ஏறியது பழ வாசனை இல்லை. கொழுப்பு தடவி வைத்த பழைய தோலின் வாசனை. மூக்குக்கு வயசாவதில்லை போலிருக்கிறது. மற்றதெல்லாம் ஆகிவிட்டது.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. வெள்ளைக்காரன் காலம், சண்டைக் காலம். அடிவாரத்துப் பையனான நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, எந்த ஆபீஸும் என்னை வா என்று கூப்பிடாததால், வேலை தேடி மேல்நோக்கி நடந்தேன். தேவனூர்ப் பக்கம் ஒரு பாதிரியார் ஆரஞ்சுத் தோட்டம் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள அவருடைய மச்சினர், மலையில் எல்லோருக்கும் துரை, அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அவருக்குக் கணக்கு எழுதவும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மலையேறிய முதல் நாள் ஓர் அட்டை கடித்ததற்கு, பாம்பு கடித்துவிட்டது என்று பாதையிலேயே படுத்து, வீட்டுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் கூட வந்தவரிடம் சொல்லி முடித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டையின் மேல் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினார். அந்த மனிதர்தான் சடையன். சாமை விதைக்கிறவர், என்னைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவர். அன்றைக்கு நான் அழுததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாததாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பயந்தாங்கொள்ளி எதற்கு மலையில் இருந்தேன் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்காக. அடிவாரத்தில் பலா மண்டி வைத்திருந்த என் மாமா, பெண் கொடுக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "தொரைகிட்ட உத்தியோகம் பாக்கற மாப்ளைன்னா தை மாசம் முகூர்த்தம். சும்மா ஊட்ல குந்தியிருக்கற மாப்ளைன்னா, கண்ணு, நீ எனக்கு வெறும் மருமகன்தான்." அக்கா பையன் என்ற முறையில் நான் ஏற்கனவே அவருக்கு வெறும் மருமகன்தான். ஆக, துரை மலையில் இருக்கும்வரை எனக்குப் பெண்டாட்டி உண்டு. துரை இறங்கிப் போனால் பெண்டாட்டியும் அவர் பின்னாலேயே போய்விடுவாள். இந்தக் கணக்கைத்தான் நான் ராப்பகலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆரஞ்சுக் கணக்கை அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை.

துரை ஆள் பனைமரம் மாதிரி. முகம் மட்டும் எப்போதும் மழைக்கு முந்தின வானம். எங்கே போனாலும் தோளில் ஒரு தோல் பை, மலை இறங்கினால் ஒரு தகரப் பெட்டி. இரண்டையும் தானே சுமப்பார். இது மலைக்காரர்களுக்குப் பெரிய மனத்தாங்கல். ஏனென்றால் அந்த மலைப் பாதையில் ஒரு முறை இருந்தது. சுமையோடு ஏறுகிறவரைப் பார்த்தால், வெறுங்கையோடு வருகிறவர் சும்மா போகக் கூடாது. இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க, சித்த நேரம் நான் கொண்டாறேன்" என்று சொல்ல வேண்டும். சுமைக்காரர் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பார்: "எந்த ஊருங்க?" கை நீட்டியவருடைய ஊர் தன் ஊரைத் தாண்டி அந்தண்டை என்றால் சுமை கை மாறும். இந்தண்டை என்றால் மாறாது. பாதி வழியில் போட்டுவிட்டுப் போகிறவருக்கு எதற்கு? தெரிந்தவர், தெரியாதவர், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனவர், யாராக இருந்தாலும் இதுதான் முறை. கேட்டும் கொடுக்கவில்லை என்றால், அது கேட்டவரை அவமானப்படுத்துவது.

துரை யாருக்கும் கொடுத்ததே இல்லை. "நோ, நோ" என்று சொல்லிவிட்டுத் தானே மூச்சு வாங்குவார். மலைக்காரர்கள் விடுவதாக இல்லை.

"தொரைங்க எந்த ஊருக்குப் போறீங்க?"

துரை தன் சொந்த ஊரைக் கேட்பதாக நினைத்து, அமெரிக்காவில் ஏதோ ஒரு மக்காச்சோள ஊரின் பேரைச் சொல்வார்.

"நாங்களும் அங்கதானுங்க போறோம். குடுங்க!"

அப்போதும் கொடுக்கமாட்டார். பெட்டியில் தங்கம் இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டாயிற்று. மழை விட்ட ஒரு நாள் அவருடைய துணிகளை வெயிலில் காயப்போட நான்தான் அந்தப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் சப்பையாக, பழுப்பாக, இரண்டு முனையும் கூராக ஒரு தோல் சமாச்சாரம் கிடந்தது. எடுத்த கையோடு வீசிவிட்டு வாசலுக்கு ஓடினேன். செத்த ஆமை என்று நினைத்தேன். மலையில் ஆமை ஏது, அதுவும் பெட்டிக்குள் ஏது என்றெல்லாம் ஓடி முடித்த பிறகுதான் யோசிக்க முடிந்தது.

என் சத்தம் கேட்டு வந்த சடையன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் வாயை வைத்து ஊதினார். அது உப்பியது. "பந்துங்க," என்றார் சந்தோஷமாக. "ஆனா யாரோ ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்துப்புட்டாங்க."

அதற்குள் துரை வந்துவிட்டார். பந்தைக் கையில் வாங்கினார். திட்டப்போகிறார், வேலை போச்சு, கல்யாணம் போச்சு என்று நான் சடையனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் திட்டவில்லை. ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் கதையைச் சொன்னார். நான் சடையனுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் ஊரில் காலேஜ்களுக்குள் இந்தப் பந்தாட்டம் ஒரு திருவிழாவாம். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளியின் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். இவர் சின்ன வயசிலேயே ஒரு காலேஜின் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். முதலில் எல்லாவற்றிலும் தோல்வி. பையன்களின் பெற்றோரே இவரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கமாகப் போவார்களாம். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தார்கள். பேண்டு வாத்தியம், விருந்து, தோளில் தூக்கி ஊர்வலம். கோஷ்டியில் ஒரு பையன். சிறுத்தை மாதிரி ஓடுவான். எப்போதும் பந்து அவன் கைக்கே. கடைசி ஆட்டத்தில் அவன் முழங்கால் வீங்கிவிட்டது. "என்னால் முடியும்" என்றான். இவரும் அனுப்பினார். ஜெயித்தார்கள். பையன் அதன் பிறகு கோல் ஊன்றித்தான் நடக்கிறான். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. காலேஜில் விருந்து வைத்தார்கள். விருந்துக்குப் போகாமல் விசிலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கப்பல் ஏறிவிட்டார்.

தோற்று வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்ததற்காக வேலையை விட்ட ஒரே ஆள் அவர்தான்.

துரை கையிலிருந்த பந்தின் தையலைச் சடையன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்த ஆட்டத்த எங்குளுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா சாமி?" என்றார்.

"இனி என் வாழ்நாளில் இல்லை" என்றார் துரை. நான் மொழிபெயர்க்கும்போது, மரியாதைக்காக, "யோசிச்சுச் சொல்றாராம்" என்றேன். இதைத்தான் உத்தியோகம் என்பது.

அவர் சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன? அறுவடை முடிந்த சாமைக் காடு காலியாகக் கிடந்தது. மலையில் சமதளம் என்றால் ஒரு பக்கம் கொஞ்சம் குறைவாகச் சரிந்திருக்கும், அவ்வளவுதான். சடையனும் அவர் பங்காளிகளும் சாயங்காலமானால் பந்தோடு இறங்கிவிடுவார்கள். துரை ஒரு பாறை மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நாளாக நாளாக முதுகு லேசாகத் திரும்பியது. பிறகு பாதி முகம் தெரிந்தது. ஒரு நாள் முழு முகமும் திரும்பி, அதில் தாங்கமுடியாத வேதனை இருந்தது.

ஏனென்றால் சடையன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார், எதிர்க் கோஷ்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி, "குடுங்க, நான் கொண்டாறேன்" என்றார், சடையன் கொடுத்துவிட்டார். அவர் அதை வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். சடையன் வெறுங்கையோடு பின்னாலேயே ஓடிப்போய், "களைப்பா இருந்தாக் குடுங்க" என்று கேட்க, அவரும் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் யாரையும் தள்ளவில்லை. தடுக்கி விழுந்த ஒருவரை இரண்டு கோஷ்டியும் சேர்ந்து தூக்கி மண் தட்டிவிட்டது.

துரை பாறையிலிருந்து குதித்து வந்தார். "எதிரிக்கு ஏன் கொடுத்தாய்?"

"எதிரி எங்கீங்க? எம்பட பங்காளிதானுங்க."

"ஆட்டத்தில் எதிரி!"

"ரெண்டு பக்கமும் ஒரே ஊருதானுங்களே தொரை. கேட்டா எப்புடீங்க குடுக்காம இருக்கறது?"

துரை தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வயிறு குலுங்க, புல்லில் உட்கார்ந்து சிரித்தார். எல்லோரும் கூடச் சிரித்தார்கள், என்னைத் தவிர. இந்த மனிதருக்குத் துக்கம் தீர்ந்தால் ஊருக்குப் போய்விடுவாரே!

அன்றிலிருந்து துரையின் மன நிம்மதிக்கு நான் தனி ஆளாக எதிரியானேன். அவர் ஊர்ப் பேச்சை எடுத்தால் கப்பல்கள் முழுகுவதைப் பற்றிப் பேசுவேன். சண்டைக் காலம், முழுகின கப்பலுக்குப் பஞ்சமில்லை. "சார், இந்த மலைக் காற்று வேறெங்கும் வராது" என்பேன், குளிரில் பல் கிட்டிக்கொண்டே.

தை பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, லீவில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் காட்டுப்பன்றி வேட்டைக்கென்று மலையேறி வந்தார்கள். வழியெல்லாம் நம் ஜனங்கள் "குடுங்க, குடுங்க" என்று அவர்கள் மூட்டைகளைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சுமந்திருக்கிறார்கள். அவர்களுடைய சார்ஜன்ட், செங்கல் நிறத்தில் ஒரு மாமிச மலை, தோட்டத்து வாசலில் துரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த நாட்டில் பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு இவருடைய முகம் தெரியுமாம்.

"சார், எங்கள் ஊர்க் காலேஜில் பயிற்சியாளர் இல்லை. உங்களைப் போல ஒருவருக்குத்தான் காத்திருக்கிறார்கள். வாருங்கள்" என்றார்.

"அது என்னை விட்டுப் போய்விட்டது, மகனே."

சார்ஜன்ட் சாமைக் காட்டைப் பார்த்தார். கோட்டுக்காக நட்டு வைத்த மூங்கில்களைப் பார்த்தார். "அப்படியா? நாளைக்கு உங்கள் ஆட்களோடு நாங்கள் ஆடிப் பார்க்கிறோம். அவர்கள் ஜெயித்தால், அது உங்களை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். நீங்கள் வரவேண்டும்."

துரை யோசித்தார். "ஆடட்டும். நான் நிற்கமாட்டேன்." பெட்டியைத் திறந்து விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "இவன் நிற்பான்."

யோசித்துப் பாருங்கள். நம்மவர்கள் ஜெயித்தால் துரை போய்விடுவார், எனக்குக் கல்யாணம் இல்லை. தோற்றால் தை மாசம் மேளம். அப்படிப்பட்டவன் கழுத்தில் விசில்! அன்று ராத்திரி நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் எதை வேண்டுகிறேன் என்று எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

மறுநாள் தேவனூர் நாடே காட்டு ஓரத்தில் கூடிவிட்டது. இதில், யார் சொன்னார்களோ, என் மாமாவும் வேர்த்து விறுவிறுத்து மலையேறி வந்துவிட்டார். "மாப்ளை என்னமோ விசில் ஊதறாராமே, பாக்கலாம்னு வந்தேன் கண்ணு," என்றார். அவர் மாப்ளை என்று சொன்னதைக் கேட்டு, ஏற்கனவே துடைத்த விசிலை மறுபடியும் வேட்டியில் துடைத்தேன். துரை பாறையில். பழையபடி முழு முதுகு.

ஊதினேன். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது.

சிப்பாய்கள் தாட்டியானவர்கள். ஆனால் அந்தச் சரிவில் நம்மவர்கள் ஆடு மாதிரி ஓடினார்கள். தொட முடியவில்லை. அப்போது சார்ஜன்ட் சடையன் பக்கத்தில் ஓடிவந்து, இரண்டு கையையும் நீட்டி, வழியில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"குடுங்க!"

சடையன் கொடுத்துவிட்டார். விருந்தாளி, அதுவும் மூச்சு வாங்குகிறவர், கேட்டால் எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

அவ்வளவுதான். மற்றச் சிப்பாய்களுக்கும் சூட்சுமம் தெரிந்துவிட்டது. காடு முழுக்கக் "குடுங்க, குடுங்க." பந்து நம் கைக்கு வந்த வேகத்தில் மரியாதையோடு அவர்கள் கைக்குப் போயிற்று. சிப்பாய்கள் கோட்டைத் தாண்டினார்கள், திரும்ப வந்தார்கள், திரும்பத் தாண்டினார்கள். எனக்கு மனசுக்குள் நாதஸ்வரம் கேட்டது. ஆனால் சடையன் என்னிடம் ஓடிவந்து நின்றார். முழங்கை சிராய்த்து ரத்தம்.

"என்னங்க பண்றது, கணக்குப்புள்ள? சொல்லுங்க."

அந்த முகத்தில் துளி சந்தேகம் இல்லை. விசில் என் கழுத்தில் இருக்கிறது, ஆகவே எனக்குத் தெரிந்திருக்கும். எனக்கா தெரியும்? என்ன சொல்வதென்று நிஜமாகவே தெரியவில்லை. கல்யாணத்தை நினைத்தேன், சடையனின் முழங்கையைப் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, பாறையைப் பார்த்து என்னையறியாமல் அலறினேன். "சார்! வாங்க சார்! இவர் கேக்கறாரு சார்!"

முதுகு திரும்பியது.

துரை சடையனைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், கையை நீட்டிக்கொண்டு நின்ற சிப்பாய்களைப் பார்த்தார். பாறையிலிருந்து இறங்கும்போதே தொப்பி விழுந்துவிட்டது. காட்டின் நடுவுக்கு வந்து, இத்தனை மாசமாக அந்த மலையில் தினமும் தன் காதில் விழுந்த தமிழைத் தொண்டை கிழியக் கத்தினார்.

"சடையா! கேளு! எந்த ஊரு? எந்த ஊருன்னு கேளு!"

சடையன் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று.

மறுபடி பந்து. மறுபடி சார்ஜன்ட் கையை நீட்டி, "குடுங்க!"

"நீங்க எந்த ஊருங்க?" என்றார் சடையன், ஓடிக்கொண்டே, வெகு மரியாதையாக.

சார்ஜன்ட் விழித்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அந்தப் பாடம் அவர் படிக்கவில்லை. "சரிங்க, வேண்டாமுங்க," என்று சடையனே சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்த பங்காளியிடம் பந்தைக் கொடுத்தார். "இவரு நம்ம ஊரு!" பங்காளி இன்னொருவரிடம். அவர் அடுத்தவரிடம். சிப்பாய் ஒருவர் ஒரு ஆளைக் கட்டிப் பிடித்து உருட்டினால், பந்து அதற்குள் அடுத்த ஆள் கைக்குப் போயிருந்தது. யாரும் நாலு எட்டுக்கு மேல் தனியாகச் சுமக்கவில்லை. காலங்காலமாக மிளகும் சாமையும் அந்தப் பாதையில் ஏறி இறங்கிய மாதிரியே, அந்தப் பந்து சரிவில் ஏறியது. கூட்டம் முழுக்க "எந்த ஊருங்க? எந்த ஊருங்க?" என்று சிப்பாய்களைக் கேட்டுக்கொண்டே குதித்தது. நானும் குதித்தேன். என் கல்யாணம் காட்டோரம் அநாதையாக நிற்கிறது என்ற நினைப்பே இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போய், விசிலை விழுங்கப் பார்த்தேன். துரை ஓரத்தில் கூடவே ஓடினார். அவர் இப்போது எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு ஓடினார், அவ்வளவுதான்.

பிறகு மஞ்சு இறங்கிவிட்டது. பக்கத்து ஆள் தெரியவில்லை. ஆட்டம் நின்றது. சார்ஜன்ட் தடவிக்கொண்டே என்னிடம் வந்து, யார் ஜெயித்தது என்று கேட்டார். கணக்குப்பிள்ளைதானே கணக்குச் சொல்ல வேண்டும்? எண்ணுவதை எப்போது விட்டேனோ, எனக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை.

"பரவாயில்லை," என்று சார்ஜன்ட் கையைக் காட்டினார். மஞ்சுக்குள் தொப்பியில்லாமல், சடையன் தோளைப் பிடித்துக்கொண்டு, துரை எதையோ மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தார், இங்கிலீஷில். சடையன் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். "அவரைப் பாருங்கள். அது எங்கேயும் போகவில்லை."

எனக்கும் அது தெரிந்தது. அப்புறம்தான் மாமா ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"மாமா," என்றேன், இருந்த கொஞ்சக் குரலில். "தொரை போயிருவாரு மாமா. வேலையும் போயிரும்."

"போனாப் போகுது. மாப்ளே, நீ கத்துன கத்து அடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். மண்டியில ஏலம் கூவறதுக்கு இப்புடி ஒரு தொண்டை கெடைக்காம எத்தன நாளா நான் சீரழியறேன்! நாளைக்கே வந்துரு."

இத்தனை மாசம் ராப்பகலாகப் பட்ட பயம் முழுக்க வீண். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரிடம் கேட்பது?

துரை இறங்கிய நாளில் அடிவாரம் வரைக்கும் கூட்டமாகப் போனோம். அவர் தகரப் பெட்டியைப் பழையபடி தோளில் வைத்திருந்தார். நான் திருப்பிக் கொடுத்த விசில் அதில் இருந்தது, பந்து இல்லை. சடையன் வீட்டுப் பரணுக்குப் போயிருந்தது. ஆனாலும் இறங்கும்போது பெட்டி கனக்கிற மாதிரிதான் நடந்தார். ஒரு திருப்பத்தில் சடையன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க தொரை. சித்த நேரம் நான் கொண்டாறேன்."

துரை நின்றார். வழக்கமான "நோ, நோ" வரும் என்று நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அவர் சடையனை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"நீங்க போற ஊருக்குத்தானுங்க."

பெட்டி கை மாறியது. துரை இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் கைகள் கொஞ்சம் திண்டாடின. பிறகு பழகிவிட்டது.

சண்டை முடிந்த பிறகு பாதிரியாரை ஒருமுறை அடிவாரத்தில் பார்த்தேன். துரை சார்ஜன்ட் சொன்ன அந்தக் காலேஜில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றார். ஆட்டத்தின்போது அவர் பக்கத்தில் கோல் ஊன்றிய ஓர் இளைஞன் நிற்கிறானாம். விசில் அவன் கழுத்தில்தானாம்.

இப்போது அந்தப் பாதை இல்லை. லாண்டானாப் புதர் மூடிவிட்டது. சாமைக் காட்டின் குறுக்கே ரோடு போகிறது. கோட்டுக்கு மூங்கில் நட்ட இடத்தில் பஸ் நிற்கிறது. பந்தைச் சடையனின் பிள்ளைகள் தைத்துத் தைத்து ஆடி, கடைசியில் தையல்தான் பந்தாக இருந்ததாம். சுமையைப் பஸ்ஸும் லாரியும் வாங்கிக்கொள்கின்றன. நல்லதுதான், எத்தனை கழுத்துகள் தப்பித்தன! யாரும் யாரிடமும் கையை நீட்ட வேண்டியதில்லை.

அன்னாசி ஓட்டம் ஓடிய அன்று சாயங்காலம், பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து குனிந்தார், சின்ன வயசு.

"எந்த ஊருங்க?"

எத்தனை வருஷமாயிற்று அந்தக் கேள்வியைக் கேட்டு! நான் பையை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் ஒரு விநாடி விழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, டிக்கெட் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.